பவுடர் மேடம்

"திருமதி ஜஹனாரா, நோயாளி வழிகாட்டி. மென்மையாகப் பேசுபவர். பொறுமையே உருவானவர். பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு அறிவியல்பூர்வமான தகவல்களை உள்ளது உள்ளபடி எடுத்துரைப்பவர்."

அடையாறில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மார்பகப் பரிசோதனை மையத்தின் வரவேற்பறையில், ஜஹனாராவின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவர் மேலாளர் சித்தார்த்தன். எழுதும்போது அவர் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க ஜஹனாரா தொண்டை கட்டிப்போய்ச் சைகையில் பேசிக்கொண்டிருந்தாள். தொண்டை திறந்த அன்று அவருக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் பலகையை லேமினேட் செய்து மாட்டிவிட்டார்கள்.

மென்மை என்று பார்த்தால், அவள் மையத்தின் வாசலில் நின்று ஆட்டோ கூப்பிட்டால் எதிர்ச்சாரியில் போகிறவர்களும் தங்களைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பொறுமை என்று பார்த்தால், கச்சேரி ரோட்டு நிறுத்தத்தில் பேருந்து முழுதாக நின்றபிறகு அவள் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. உள்ளது உள்ளபடி என்பது மட்டும் பலகை மாட்டிய நாளில் உண்மையாகத்தான் இருந்தது. பின்னால் அதுவும் பொய்யாகப் போயிற்று.

மையத்துக்கு வருமுன் ஜஹனாரா கோடம்பாக்கத்தில் ஒரு துணை நடிகர் ஏஜெண்டிடம் வேலை பார்த்தாள். கல்யாணக் காட்சி என்றால் பட்டுப்புடவையோடு முப்பது பெண்கள், சாவுக் காட்சி என்றால் ஒப்பாரி தெரிந்த பதினைந்து பேர் என்று ஆள் பிடித்து விடிவதற்குள் வேனில் ஏற்றிவிட வேண்டும். பிறகு கூட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்துகொள்ளலாம் என்று ஆனது. ஏஜெண்டு வீட்டுமனை விற்கப் போனார். வேனில் பெண்களை ஏற்றத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதிக்காக அறக்கட்டளை அவளை எடுத்துக்கொண்டது. அத்தனை வருஷம் படப்பிடிப்பில் நின்றும் அவள் ஒரு தடவைகூடக் கேமரா முன் வந்ததில்லை. "எனக்கு நடிக்க வராதும்மா. மூஞ்சி காட்டிக் குடுத்துடும்" என்பாள்.

தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரை அண்ணாச்சி, நாற்பதைத் தாண்டிய தன் கடைப் பெண்களைப் பரிசோதனைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி செய்கிற எதிலும் ஒரு கணக்கு இருக்கும். இதில் என்ன கணக்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. பொங்கல் வியாபாரம் முடிந்து கடை காற்று வாங்கும் நாளாகப் பார்த்து அனுப்பினார் என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வருஷம் ஜஹனாரா மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவின் விரிப்பில் நின்று பிரசங்கம் செய்தாள்.

"ரெண்டு தட்டு இருக்கும். நடுவுல வெச்சு அமுக்கி ஒரு படம் எடுப்பாங்கோ. கொஞ்சம் வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். கைல கட்டியா ஆப்படறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சிடும். அப்ப புட்ச்சா சின்ன வைத்தியம். வுட்டா பெருசு. அவ்ளோதான். ஒரே ஒரு விசயம், பவுடர் போடக் கூடாது."

பட்டுப் பிரிவின் மூத்த விற்பனைப் பெண் பேச்சியம்மாள் எல்லோர் சார்பிலும் தலையாட்டினாள். ஐம்பதைத் தொட்டவள், நெல்லைப் பக்கத்துக்காரி. கணவன் இல்லை, ஜெயஸ்ரீ என்று ஒரே மகள். அந்த மாடியில் பேச்சியம்மாள் தலையாட்டினால் தீர்மானம் நிறைவேறிய மாதிரி.

அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். கடைக்குத் தினமும் பவுடர் பூசி வரவேண்டும் என்பது விதி, அதை மீறி அன்றைக்கு ஒன்பது பேரும் வெறும் முகத்தோடு வேன் ஏறினார்கள். படம் எடுக்கும் ரூபீனா ஒவ்வொருத்தியிடமும் "பவுடர் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொருத்தியும் முகத்தைத் தடவிக் காட்டி இல்லை என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஒன்பதில் ஆறு பேரை மறுபடி வரச் சொன்னார்கள். படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

அன்று மூன்றாம் மாடியில் பட்டு விற்கவில்லை. ஒருத்தி பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்தாள். இன்னொருத்தி திருச்செந்தூருக்கு வேண்டிக்கொண்டாள். ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போன ஜஹனாரா, முதல் ஆளின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அக்குளில் மாவு சலித்த மாதிரி பவுடர்.

"இன்னாக்கா இது? பவுடர் போடாதன்னு சொன்னேன்ல?"

"மொகத்துக்குப் போடலியே பாயம்மா" என்றாள் பேச்சியம்மாள். அவளும் அந்த ஆறில் ஒருத்தி. "முன்னப்பின்ன தெரியாத பிள்ள பக்கத்துல வந்து கையத் தூக்கச் சொல்லும்னீய. வேர்வை நாத்தத்தோடயா தூக்குதது? அதான் எல்லாரும் ரெண்டு கை கூடவே போட்டோம்."

துடைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள். புள்ளிகள் போய்விட்டன. திரும்பும்போது வேனில் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் இரண்டு முறை வண்டியை நிறுத்தினார். 'பவுடர் கேன்சர்' என்று மூன்றாம் மாடியில் ஒரு வியாதி பிறந்தது. அதற்கப்புறம் யாருக்குத் தலைவலி வந்தாலும் அது பவுடர்தான்.

மறு வருஷம் ஜஹனாரா யாரையும் நம்பவில்லை. மையத்தின் உடைமாற்றும் அறையில் வெந்நீர் வாளியும் துவாலைகளுமாக உட்கார்ந்துகொண்டாள். "உங்கள நம்பி ஒரு வருசம் அழுதாச்சு. கைய தூக்கு" என்று ஒவ்வொருத்தியையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரித் தானே துடைத்து உள்ளே அனுப்பினாள். மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுப் பேச்சியம்மாள் கடைசியாக வந்தாள். அவள் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஜஹனாரா புதுத் துவாலை எடுத்து நனைத்துப் பிழிந்து, இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தாள். ஒரு பொட்டுப் பவுடர்கூட இல்லை. சத்தியம் செய்வாள்.

இந்தத் தடவை திரும்ப அழைத்தது ஒருத்தியை மட்டும். பேச்சியம்மாளை.

போனில் இரண்டு முறை சொன்னார்கள். அவள் வருவதாகச் சொல்லி வரவில்லை. சித்தார்த்தன் ஜஹனாராவைக் கூப்பிட்டார். "புள்ளியெல்லாம் ஒரே இடத்தில் கூட்டமா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. ஊசி போட்டுப் பார்த்தே ஆகணும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க. ஆனா கடையில யார்கிட்டயும் எதையும் சொல்லக்கூடாது. அது அவங்க சொந்த விஷயம்."

ஜஹனாரா மூன்றாம் மாடியில் ஏறியபோதே யாரையோ திரும்ப அழைத்திருக்கிறார்கள் என்று மாடிக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் அப்படி.

"யக்கா, பவுடர் வந்துட்டு" என்றாள் ஒருத்தி.

"ஆமா, இந்த வருசமும் கொஞ்சம் போட்டுட்டேன் போலுக்கு" என்று பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். மாடியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஜஹனாரா சிரிக்கவில்லை. அது பவுடர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்கும் தெரியும். இவளுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் போனாள், பேச்சியம்மாள் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் மறுநாள், மதியம் கூட்டம் குறைந்த வேளையில், ஜஹனாரா செருப்பைக் கழற்றிவிட்டு வாடிக்கைக்காரியாக விரிப்பில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும்வரை விற்பவர் எழுந்திருக்கக் கூடாது.

"கல்யாணப் பட்டு காட்டுக்கா."

"யாருக்கு?"

"எனுக்குத்தான். இனாயத்து பழசாயிட்டாரு, வேற பாக்கலாம்னு கீறேன்."

பேச்சியம்மாள் வாய்க்குள் சிரித்தபடி ஒரு புடவையை எடுத்து உதறி விரித்தாள். மாம்பழ மஞ்சள். அடுத்தது மயில்கழுத்து. தலையை நிமிர்த்தாமல், புடவை விவரம் சொல்கிற குரலிலேயே பேசினாள்.

"எதுக்கு அலையுதீய பாயம்மா? வைகாசி முடியட்டும், நானே வாரேன்."

"வைகாசில இன்னா?"

"ஜெயஸ்ரீக்குக் கல்யாணம். இந்த மாடியில பாதிப் பேரு எங்க ஊர்ப் பக்கம். இங்க தும்முனா திசையன்விளைல நூறும்பாக. அந்தா நிக்கானே சூப்பர்வைசர் ராம்குமாரு, அவன் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். பொண்ணோட அம்மாவுக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு சொல்லி நிப்பாட்டிருவாக."

"நோவுன்னு யாருக்கா சொன்னது? திருப்பிக் கூப்பிட்டா முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு வரணும்?"

அறிவியல்பூர்வமான பதில் ஒன்று இதற்கு இருக்கிறது. ஜஹனாராவுக்கு அது மனப்பாடம். ஆனால் அரக்குப் புடவையை விரித்துக்கொண்டிருந்த விரல்கள் ஜரிகையில் சிக்கிக்கொண்டதைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் இழையை விடுவித்துக் கொடுத்தாள்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். "நீங்க தொடைச்சது நெனப்பு இருக்கு. எங்கம்மைக்கு அப்புறம் என்னைய யாரும் அப்பிடித் தொடைச்சு விட்டதில்ல. பவுடரு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி ஒறக்கம் வரல பாயம்மா. ஆனா லீவு கேக்கணும்லா. எதுக்குன்னு கேப்பான். என்னன்னு சொல்ல?"

ராம்குமார் அந்தப் பக்கமாக வந்தான். "என்ன மேடம், பொடவை எடுக்கீயளா, இல்ல பவுடரா?"

ஜஹனாரா எழுந்தாள். பேச்சியம்மாளின் கை அரக்குப் புடவைக்குள் அப்படியே நின்றது.

"தம்பி, உங்கிட்டதான் பேசணும்னு வந்தேன். பவுடர்தான். ஆனா அக்கா மேல தப்பு இல்ல. என்னுது."

அவள் சாதாரணமாகப் பேசினாலே மாடிக்குக் கேட்கும். அன்று கொஞ்சம் கூட்டியே பேசினாள்.

"வூட்ல பசங்களுக்குப் பவுடர் போட்ற டவல எடுத்தாந்துட்டேன். அத்தால தொடச்சு அனுப்பிட்டேன். படம் பூரா பாழு. திரும்ப எடுக்கணும். நாளைக்கு ஒரு நாள் அக்காவ அனுப்பு."

மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "அப்ப எங்களுக்கும் அந்தத் துண்டாலதானே தொடைச்சீய? நாங்களும் வரணுமா?"

இதை ஜஹனாரா யோசித்திருக்கவில்லை. "உங்களுக்கு வேற டவலு. அது தீந்துபோயி கடைசியா அத்த எடுத்தேன். கடைசியா வந்தது யாரு? அக்காதானே."

அது உண்மை. கடைசியாக வந்தது பேச்சியம்மாள்தான். அந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பொய்யும் நின்றது.

ராம்குமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "போன வருசம் இவுகளத் திட்டுனீய. இந்த வருசம் நீங்களே பூசி விட்டிருக்கீய. சம்பளம் வாங்கித்தான வேல பாக்கீய மேடம்? ஒரு துண்டு ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?"

சுற்றிலும் சிரித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கும் ஜஹனாரா, தலையைக் குனிந்து காலடியில் கிடந்த பட்டின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர் இனாயத் பார்க்க ஏங்கும் காட்சி அது. அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. "தப்புதான் தம்பி" என்றாள். "நாளைக்கு அனுப்பிச்சிரு."

"சரி, சரி. போய்ட்டு வாங்க யக்கா. துண்டு நீங்களே கொண்டு போங்க" என்றான் ராம்குமார்.

மறுநாள் காலை பேச்சியம்மாள் துண்டோடுதான் வந்தாள். வேடிக்கைக்காக அல்ல, கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தார்கள். பிறகு மரக்க மருந்து போட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை விட்டுக் கடுகளவு சதை எடுத்தார்கள். தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஜஹனாரா உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் பேசுங்க பாயம்மா."

ஊரே கேட்கப் பேசுகிறவள் அன்று குரலைத் தாழ்த்தினாள். "அந்த அரக்குப் பொடவ இருந்துதே, அதுக்கு பார்டர் இன்னா கலரு?" என்றாள்.

"பச்சை" என்றாள் பேச்சியம்மாள் கண்ணை மூடியபடி. "கிளிப் பச்சை இல்ல, இலைப் பச்சை. முந்தில அன்னம் போட்டிருக்கும். ஒங்க நெறத்துக்கு எடுக்காது."

"தே. விக்கத் தெரியல உனுக்கு."

"உள்ளதச் சொல்லுதேன்."

முடிவு வந்தபோது டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இருக்கிறது. ஆனால் பால் வருகிற குழாய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவவில்லை. மார்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கதிர்வீச்சு வைத்தியம் செய்தால் போதும். படத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பில் வெள்ளையாக, பொடிப் பொடியாக, சிந்திய பவுடர் மாதிரியே ஒரு சிறு கூட்டம். இவ்வளவு சீக்கிரத்தில் பிடித்தால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும் என்றார். கையால் தடவிப் பார்த்தால் இன்னும் கொஞ்ச வருஷத்துக்குத் தெரிந்திருக்காதாம்.

பேச்சியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பவுடருன்னுதானே சொன்னேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அறுவை சிகிச்சைக்கு வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். ஜெயஸ்ரீக்குச் சொல்லாமல் முடியாது என்று ஜஹனாரா ஒற்றைக்காலில் நின்றாள். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜெயஸ்ரீ, அலுவலகக் கழிவறையில் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். கடையில் பேச்சியம்மாள் ஊருக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று லீவு சொன்னாள். மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டால் அண்ணாச்சி கேள்வி கேட்க மாட்டார். ஊருக்குப் பத்திரிகை தபாலில் போயிற்று.

இத்தனை பாடுபட்டு யாரிடமிருந்து மறைத்தார்களோ, அந்த மாப்பிள்ளையிடம் இரண்டே நாளில் ஜெயஸ்ரீ சாந்தோம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போக அவளுக்கு மனமில்லை. அவன், "அத்தைக்கு ஆஸ்பத்திரில சாப்பாடு ஒத்துக்குதா?" என்று கேட்டான். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வேளை தவறாமல் இட்லி வந்தது. ஜெயஸ்ரீ இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இட்லி எங்கிருந்து வருகிறது என்று அம்மாவும் கேட்கவில்லை. கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எல்லோரும் எல்லோரிடமிருந்தும் அதை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ராம்குமாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவன் கடமை தவறாதவன். வழிகாட்டியின் அலட்சியத்தால் தங்கள் ஊழியர் ஒருவர் ஒரு நாள் வேலையை இழந்ததாக மையத்துக்குப் புகார் எழுதினான். சித்தார்த்தன் ஜஹனாராவைக் கூப்பிட்டார்.

"பவுடர் துண்டா?" என்றார்.

"ஆமா சார்."

அவருக்கு முன்னால் கணினியில் பேச்சியம்மாளின் பரிசோதனை முடிவு இருந்தது. அதைப் பார்த்தார். ஜஹனாராவைப் பார்த்தார். அவள் முகம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. "இனிமே கவனமா இருங்க" என்றார். கடைக்கு, சம்பந்தப்பட்டவரை எச்சரித்துவிட்டோம் என்று பதில் போயிற்று. அடுத்த வருஷம் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கடையிலிருந்து கேட்டுக்கொண்டார்கள். அனுப்பினார்கள். புதிதாகப் போன பெண் மென்மையாகப் பேசுவாள், பொறுமைசாலி. வேனில் பாதி இருக்கை காலியாக வந்தது.

அதற்கெல்லாம் முன்னால், அந்த வருஷ வைகாசியிலேயே தி.நகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பேச்சியம்மாள் அரக்கில் இலைப்பச்சைக் கரை போட்ட பட்டுடுத்தி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஜஹனாரா வந்ததும் அவள் கையைப் பிடித்தாள், விடவே இல்லை. பின்னால் வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பந்தியில் ராம்குமார், மாப்பிள்ளையின் அப்பாவான தன் பெரியப்பாவிடம் ஜஹனாராவைக் காட்டி, "இவுகதான் நான் சொன்ன பவுடர் மேடம்" என்றான். பெரியப்பா சிரித்தார். ஜஹனாரா இலையில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டாள். கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

வரவேற்பறைப் பலகையை இன்னும் மாற்றவில்லை. ஜஹனாரா செய்தது இதுதான்: மாசி மாதத்தில் ஒரு மதியம், தான் செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்லி ஒரு மாடி முழுவதன் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள், மறுநாள் காலை பேச்சியம்மாளை ஊசிப் பரிசோதனைக்கு வரவைத்தாள்.